ஆமெனுக்கும் முதல் கவளத்துக்கும் நடுவில்

பாஸ்டர் ஐயா கண்ணை மூடிவிட்டார். இனி அவராக ஆமென் சொன்னால்தான் உண்டு. அதுவரைக்கும் பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கிற அறுநூறு பேரில் ஒருத்தரும் இலையில் கை வைக்கக் கூடாது, அது அந்த ஊர் அசனத்தின் சட்டம். கோயில் திருநாளின் கடைசி நாளில் சாதி, மதம் பார்க்காமல் ஊரையே வரிசையாக உட்கார வைத்துப் போடுகிற ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்குத்தான் அசனம் என்று பேர். சமைத்தவன்கூட ஜெபம் முடியாமல் ருசி பார்க்க மாட்டான். கடவுளிடம் காட்டாத பண்டத்தில் மனுஷன் நாக்கை வைக்கலாமா என்று முன்னோர்கள் எவரோ சொல்லிவைத்தது. வயலட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் என்ன, மூக்கை மூட முடியுமா? இலையிலிருந்து ஆவி ஏறி நேராக முகத்தில் அடித்தது. மல்லி வறுத்தது சரியான பதம், தேங்காய் ஒரு பொட்டுக்கூடக் கருகவில்லை, கசகசா போட்டிருக்கிறான், பட்டையை அடக்கி வாசித்திருக்கிறான். பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சத்துணவில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிறவள் அவள், மூக்காலேயே மார்க் போட்டுவிடுவாள். நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம் என்று போட்டும்விட்டாள். போட்ட பிறகுதான் யாருக்குப் போட்டோம் என்று சுருக்கென்றது. இந்தக் குழம்பைக் கூட்டின கைதான் பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி அதிசயராஜின் தலையில் மம்பட்டியை இறக்கின கை. குணசீலன். பேரைப் பாருங்கள், குணசீலன்! அந்தப் பேரை அவள் இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட வாயால் சொன்னதில்லை. அவன், அந்தா அவன், அந்தப் பய, இவ்வளவுதான். இப்போது அவன் ஆக்கின கறி அவள் இலையில் இருக்கிறது, அவளுக்குப் பசிக்கிறது, பாஸ்டர் ஐயா மழைக்கும் விளைச்சலுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திங்கலாமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இதே கேள்விதான். வருஷா வருஷம் அசனம் ஆக்குகிற ராஜமணி மாமா வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். நாற்பது கிடாயை ஒரே கூட்டாகக் குழம்பு வைக்க ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? ஒருத்தனுக்குத் தெரியும். ஜெயிலில் பதிமூணு வருஷம் சமையல்கட்டில் நின்றவன், ஆயிரம் பேருக்கு ஆக்கினவன், விடுதலையாகி மூணு மாசம் முன்னால் ஊருக்கு வந்தவன், வந்த நாளிலிருந்து கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆராதனை முடியுமுன்னே எழுந்து போய்விடுகிறவன். பாஸ்டர் ஐயா வயலட் வீட்டுக்கு நடந்தே வந்தார், காப்பி கொடுத்தாள், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "வயலட்டம்மா, நீங்க சரின்னாத்தான் அவனக் கூப்பிடுவோம். நீங்க முடியாதுன்னா இந்த வருஷம் சாம்பார்தான்" என்றார். சாம்பாராம்! அறுநூறு பேர் மூன்று பந்தி, ஆயிரத்து எண்ணூறு வயிற்றின் கறிச்சோற்றைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டார் மனுஷன். "கோயில் காரியம், நா யாரு சொல்லுததுக்கு" என்றாள். சரியுமில்லை, முடியாதுமில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார். அவள் அதை முடியாது என்றுதான் சொன்னாளோ? அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்நேரம் சாம்பார், யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் சாம்பாருக்கு இவ்வளவு வாசனை வருமா, சொல்லுங்கள்.

"ஏட்டி, என்ன முடிவு பண்ணுன?" என்று வலது பக்கத்திலிருந்து முழங்கை இடித்தது. பேச்சியம்மா. அவளுக்கு ஜெபமும் கிடையாது ஒன்றும் கிடையாது, சுடலைமாடன் கோயில்காரி. ஆனாலும் அசனத்துக்கு முதல் பந்தியில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள். சத்துணவுக் கூடத்தில் வயலட் அடுப்பைப் பார்த்தால் பேச்சி அரிசி களைவாள். "கண்ண மூடுட்டி, ஜெபம் நடக்கு" என்றாள் வயலட். "மூடிட்டுதான் இருக்கேன். கறி ஆறுதுல்லா." பேச்சியின் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அதிசயராஜ் செத்த பதினாறாம் நாள் அவள் யாரிடமும் கேட்காமல் சுடலைமாடன் கோயிலுக்குப் போய், வாசற்கல்லில் ஒரு ரூபாயை வைத்து, அரிவாளால் ரெண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வந்தாள். வயலட்டுக்காக! காசு வெட்டிப் போட்டால் போட்டதுதான். அவனோடு பேசக் கூடாது, அவன் கைத் தண்ணி குடிக்கக் கூடாது, அவன் வீட்டுச் சோறு திங்கக் கூடாது, மாடன் அவனைக் கேட்பான். ஞானஸ்நானம் வாங்கின கிறிஸ்தவச்சிக்கு இதெல்லாம் ஆகுமா என்று வயலட் அன்றைக்கு அவளைத் திட்டினாள். திட்டினாளே தவிர, ராத்திரி படுத்ததும் மாடன் எப்போ கேட்பான், எப்படிக் கேட்பான் என்று ஆசையாக யோசித்தாள், அதையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். இப்போது அதே வெட்டு பேச்சியின் தொண்டையில் நிற்கிறது. வெட்டினவள் அவள், வயலட் கை வைக்காமல் அவள் கை வைக்க முடியாது. நேற்றே ஓடிப்போய்ப் பூசாரியிடம் கேட்டிருக்கிறாள். வாய்ச்சொல்லுக்காக வெட்டின காசு வாய்ச்சொல்லாலதான் சேரும், பறிகொடுத்தவ அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வெட்டு விட்டுப்போகும் என்றாராம். கறிச்சோற்றுக்காகப் பேச்சி மாடனிடமே வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நினைத்ததும் வயலட்டுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு விடிந்ததிலிருந்தே இந்தச் சிரிப்புதான் அவளை மிரட்டிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கும்போதே காரணமில்லாமல் ஒரு சந்தோஷம். குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் காற்று, தெருவெல்லாம் கலர் காகிதம், பாண்டு வாத்தியக்காரன் அதே மூன்று பாட்டை மாற்றி மாற்றி வாசிக்கிறான், கனகாம்பரக் கலரில் புதுச்சேலை. கண்ணாடியில் பார்த்தபோது ஐம்பத்திரண்டு வயது மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. தோன்றலாமா? கொன்றவன் கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டுகிற அன்றைக்கா ஒருத்திக்குச் சேலை நன்றாக இருக்க வேண்டும்? தீர்ப்பு வந்த அன்றும் இப்படித்தான் ஆனது. ஜட்ஜ் ஐயா ஆயுள் தண்டனை என்று வாசித்தார். அவள் அழுவோம் என்று கைக்குட்டையெல்லாம் கொண்டுபோயிருந்தாள், அழுகை வரவில்லை, பசி வந்தது. பஸ் ஸ்டாண்டில் ரெண்டு புரோட்டா சால்னாவோடு தின்றாள். அந்த ரெண்டு புரோட்டாவுக்காக அவள் தன்னை மன்னிக்க ஏழெட்டு வருஷம் ஆனது. சர்க்கார் அவனுக்குப் போட்டது பதினாலு, அவள் தனக்குப் போட்டுக்கொண்டது எவ்வளவு என்று எந்த ஜட்ஜ் கணக்குப் பார்த்தார்? பாஸ்டர் ஐயா இப்போது நோயாளிகளுக்காக ஜெபிக்கிறார், ராஜமணி மாமாவின் காலுக்கு வந்திருக்கிறார், இன்னும் வெளிநாட்டில் இருக்கிறவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், ஆட்சியாளர்கள் எல்லாம் பாக்கி. அவரையும் குறை சொல்ல முடியாது. போன ஞாயிறு பிரசங்கத்தில் சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளனைப் பற்றிச் சொன்னார். ஒரு வாக்கியம் பேசினான், பரதீசு கிடைத்தது. நல்ல வியாபாரம்தான்! மன்னிக்கிறது கடவுளுக்குச் சுலபம் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. அவருடைய மகனைக் கொன்றார்கள், மன்னித்தார், சரி, ஆனால் மூன்றாம் நாள் மகன் எழுந்து வந்துவிட்டானே? அதிசயராஜ் மூன்றாம் நாள் எங்கே வந்தான்? மூன்றாம் நாள் போலீஸ்தான் வந்தது. மகன் திரும்பி வந்த பிறகு மன்னிப்பதில் என்ன பெரிசு என்று ஒருநாள் ஜெபத்திலேயே கேட்டுவிட்டாள். அடுத்த வீட்டில் ஆடு கத்தியது.

அதிசயராஜ், அதிசயராஜ். அவன் இருந்திருந்தால் இந்நேரம் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பான். ஜெபத்தில் கண்ணை மூடின சரித்திரம் அவனுக்குக் கிடையாது. எந்த இலையில் எலும்பு பெரிசு என்று பார்த்துவைத்துக்கொள்வான். வீட்டில் அவன் பேர் உப்பு இன்ஸ்பெக்டர். அவள் முதன்முதலாகக் குழம்பு வைத்தபோது பத்து வயசு, அவனுக்கு ஏழு, ஒரு வாய் வைத்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி, "உப்பு எங்கட்டி?" என்று கேட்டான். கேட்டுவிட்டு முழுசும் தின்றான். குறை சொல்லாமல் அவன் ஒரு சோறு தின்றதில்லை, குறை சொன்ன சோற்றை மிச்சம் வைத்ததுமில்லை. அந்தக் காலத்தில் அசனத்தில் இலைக்கு இலை உப்பு வைப்பார்கள். உப்புத் தட்டைத் தூக்குவது அவன், அதாவது மற்றவன், இன்றைக்குக் குழம்பு கூட்டினவன், அப்போது அதிசயராஜின் கூட்டாளி. ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே சட்டையைக்கூட மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். எல்லோரும் பரிமாறி முடித்த பிறகுதான் அவன் ஆடி அசைந்து உப்போடு வருவான். அதிசயராஜ் பந்தியிலிருந்து எழுந்து நின்று ஊரே கேட்கக் கத்துவான். அந்தக் கத்தலுக்காகவே அவன் லேட்டாக வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே சனம் காத்திருந்து சிரிக்கும். அவர்கள் ரெண்டு பேரும்தான் ஒரு வைகாசியில், கருகுகிற நெல்லுக்கு முறைத்தண்ணி உன்னுடையதா என்னுடையதா என்று வரப்பில் நின்று சண்டை போட்டார்கள். ஒரே ஒரு அடி. அடித்தவன் ஓடவில்லை. தன் துண்டை அவிழ்த்து அதிசயராஜின் தலையில் கட்டி, அவனை மடியில் போட்டுக்கொண்டு, ஆள் வருகிற வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தான். ஓடியிருந்தால் வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும், அதையும் கெடுத்தான். அவன் ஜெயிலுக்குப் போன பிறகு உப்புத் தட்டைத் தூக்க யாரும் வரவில்லை, அந்தப் பழக்கமே நின்றுபோனது. அவளுக்குப் பயம் என்னவென்றால், ஆமாம், இதுதான் பயம், சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது: அந்தக் கோபத்தை அவள் கீழே வைத்துவிட்டால் தம்பி என்று கையில் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? குரல்கூட மறந்துகொண்டே வருகிறது. போட்டோவில் வாய் மூடித்தானே இருக்கிறான். கோபம்தான் சூடாக, உயிரோடு இருக்கிறது. அதையும் ஒரு இலைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டால்? கொடுக்காமல் எழுந்து போய்விடலாம். இவள் எழுந்தால் பேச்சி எழுவாள், பேச்சி எழுந்தால் ஊர் பார்க்கும், அவன் அடுப்படியிலிருந்து பார்ப்பான், இனி கடைசி பெஞ்சுக்குக்கூட வர மாட்டான். தண்டனை என்றால் இதுதான் தண்டனை, அவள் கையில் இருக்கிறது, ஜட்ஜ் போட்டதைவிடப் பெரிசு. பதினாலு வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே ஏங்கினாள்? எழுந்திரு என்று முழங்காலுக்குச் சொன்னாள். முழங்கால் கேட்கவில்லை. வயிறு கடமுடா என்றது.

"ஆமென்" என்றார் பாஸ்டர் ஐயா.

அறுநூறு ஆமென். அதற்குப் பிறகு எப்போதும் ஒரு இரைச்சல் எழும்பும், ரசம், எலும்பு, இங்க ஒரு கரண்டி, இந்தப் பக்கம் வாரும்வே என்று காது கிழியும். இன்றைக்கு எழும்பவில்லை. எல்லோரும் ஒரு வாய் வைத்தார்கள், வைத்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள், பிறகு மெல்லத் தொடங்கினார்கள். எதிர் வரிசையில் தபால்காரர் இலையைப் பார்த்தார், பக்கத்து ஆளைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார். பின்னால் ஒரு பிள்ளை, "அம்மா, இதுல..." என்று தொடங்க, அவன் வாயில் அவசரமாக ஒரு கவளம் திணிக்கப்பட்டது. பேச்சி இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பசி எடுத்த கன்றுக்குட்டி மாதிரி. அடுப்படியில் குழம்பு வார்ப்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவன் நின்றான். தலை பாதி நரைத்து, கைகளைப் பின்னால் கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ நிற்கச் சொன்ன மாதிரி நின்றான். பந்தியின் மௌனம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், கழுத்து இன்னும் கொஞ்சம் குனிந்தது. என்ன ஆயிற்று இந்தச் சனத்துக்கு? வயலட்டுக்குச் சமையல்காரியின் ஆத்திரம் வந்தது. தம்பி, கொலை, மன்னிப்பு, மாடன், எல்லாம் ஒரு நொடி பின்னால் போய்விட்டது, குழம்பில் என்ன கோளாறு என்று தெரிந்தாக வேண்டும். கை தன்னால் போய்ப் பிசைந்தது. வாயில் வைத்தாள்.

உப்பு இல்லை. கம்மி இல்லை, ஒரு கல்கூட இல்லை. நாற்பது கிடாய், இருநூறு தேங்காய், மணக்க மணக்க மசாலா, உப்பு மட்டும் சுத்தமாக இல்லை! தெரிந்தும் ஒருத்தரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது. அவனிடம் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. சொன்னால் பழசைக் குத்திக்காட்டின மாதிரி ஆகிவிடும் என்று இரக்கப்பட்டு, அறுநூறு பேரும் உப்பில்லாத கறியை மரியாதையாகத் தின்கிறார்கள். இப்படியே தின்றுவிட்டுப் போவார்கள், அவனும் இப்படியே நிற்பான், சாகிற வரைக்கும் யாரும் அவனை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஐயோ, இதென்ன மன்னிப்பு! மனுஷனோடு மனுஷனாக ஒருத்தனைத் திட்டக்கூட மாட்டோம் என்றால் அவனை எங்கே கொண்டு வைத்திருக்கிறோம்? அவள் எழுந்துவிட்டாள். முழங்கால் இப்போது கேட்டது. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்தாள், வந்தது அவள் குரலே இல்லை, பதினாலு வருஷமாகத் தேடின குரல், உப்புத் தட்டுக்கு எட்டாத தூரத்திலிருந்து இலையைக் காட்டிக் கத்துகிற அந்தக் குரல், அப்படியே, ஒரு இழுப்புக்கூட மாறாமல்:

"ஏலே குணசீலா! உப்பு எங்கல?"

முதலில் தபால்காரர் சிரித்தார். பழைய ஆட்கள் சிரித்தார்கள், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள், அறுநூறு பேரும் சேர்ந்து சிரித்து, ஆமா உப்பு இல்ல, உப்பே இல்லவே, ஒரு கல்லு போடப்படாதா என்று ஆளாளுக்குத் திட்டத் தொடங்கினார்கள். இரைச்சல் எழும்பிவிட்டது! பேச்சி இதையெல்லாம் கேட்கவில்லை, பேர் காதில் விழுந்த மறு நொடியே உப்பில்லாக் கறியில் ரெண்டாவது கவளம் போய்க்கொண்டிருந்தது. குணசீலன் நிமிர்ந்து பார்த்தான். வாய் கோணிக்கொண்டது, அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வயலட் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இலைகளைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா" என்றான். பிறகு மெதுவாக, "அங்க ஜெயில்ல உப்பு நம்ம கையில தரமாட்டாங்கக்கா. எல்லாம் கொதிச்ச பொறவு வார்டர் அளந்து கொண்டுவந்து அவரே போடுவாரு. பதிமூணு வருசம்... கை மறந்துட்டு. யாரோ வந்து போடுவாங்கன்னுதான் விடிஞ்சதுலருந்து நிக்கேன்."

அவள் கொதிக்கிற வெந்நீரை ஒரு குத்துப்போணியில் மொண்டு அவன் முன்னால் வைத்தாள். ஆறின குழம்பில் கல்லுப்பை அப்படியே போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். உப்புச் சாக்கைக் காட்டினாள். அவன் கையை முன்னால் கொண்டுவந்தான், பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தான்.

"என்னை எதுக்குல பாக்க? நா வார்டரா? அளவு நா சொல்லுதேன், போடுதது ஒங்கையாத்தான் இருக்கணும்."

அள்ளினான். விரலிடுக்கில் கல்லுப்பு உதிர்ந்தது. கரைத்து, ஊற்றி, ஆள் உயரத் துடுப்பைப் பிடித்து வார்ப்பின் அடிவரைக்கும் கிண்டினான். இலைக்காரர்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள், அவன் கரண்டி நுனியால் ஒரு சொட்டு விட்டான். அவள் நக்கிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் குழம்பின் உப்பா, கண்ணீரின் உப்பா என்று பிரிக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

"இன்னும் ஒரு கை போடு" என்றாள்.